சுவரும் இசைவும்: பெட்டாலிங் ஜெயாவில் வீடு விரிந்த வரலாறு

கட்டடம் எழுப்புவோர் ஆட்சியாளரிடம் இசைவு பெறவேண்டும் என்னும் நெறி கிள்ளான் பள்ளத்தாக்கில் நெருப்பின் வழியே நுழைந்தது. 1881 ஜனவரியில் கோலாலம்பூரின் மரச்சுவர்களும் அத்தாப்புக் கூரைகளும் எரிந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளமும் வந்தது. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீளக் கட்டுமாறு பணித்தார். அச்செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1890இல் சுகாதார வாரியம் அமைந்தது. வாரியத்தின் பெயரே அக்கால ஆட்சியாளரின் கவலையைச் சொல்லிவிடுகிறது: தீயும் நோயுமே அவர்களை அச்சுறுத்தின, வீட்டின் அழகு அன்று பேசுபொருளன்று.

பெட்டாலிங் ஜெயா இவ்வரலாற்றில் பிந்திப் பிறந்த குழந்தை. தலைநகரின் நெரிசலைத் தணிக்க, எஃபிங்காம் ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் 1952இல் உருவாகத் தொடங்கிய புதுநகர் அது. 1977இல் நகராண்மைக் கழகமும் 2006 ஜூன் 20இல் மாநகர் மன்றமும் பெற்றது. (வள்ளுவர் 'கழகம்' என்றது சூதாடும் இடத்தை. நகராட்சிக்கு அச்சொல்லைச் சூட்டிய நம் முன்னோர் அதை மறந்திருக்கமாட்டார்கள் என்று மாணவர்களிடம் நகையாகச் சொல்வதுண்டு.)

ரப்பர்த் தோட்டத்தில் தமிழர் வாழ்ந்தது லயத்தில். வரிசை எனப் பொருள்படும் 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழ் நாவில் லயமாயிற்று. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. சமையலுக்கென்று பின்புறம் ஒரு சார்ப்பு இறக்கவும் நிருவாகத்தாரின் வாய்ச்சொல் வேண்டும், எழுத்து வேண்டியதில்லை. அங்கிருந்து புறப்பட்ட குடும்பங்கள் நகரத்தில் வரிசை வீடு வாங்கியபோது, 'என் வீடு, என் சுவர்' என்னும் எண்ணம் தோன்றியது இயல்பே. சட்டமோ வேறு மொழி பேசிற்று.

1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துவழி இசைவை முன்னதாகப் பெறாமல் எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்கிறது. 'எழுப்புதல்' என்னும் வினைக்கு அச்சட்டம் தரும் பொருள் மொழியியலாரின் கவனத்துக்குரியது. வெற்று நிலத்தில் கட்டுவது மட்டுமன்றி, இருக்கும் வீட்டுக்குப் புதிய அடித்தளம் இடுவதும், பழைய அடித்தளத்தின்மேல் கட்டுமானத்தைக் கூட்டுவதும் எழுப்புதலே. நம் பேச்சிலோ அவை 'இழுத்துக் கட்டுவது', 'சார்ப்பு இறக்குவது'. இறக்குவதாக நாம் நினைத்ததைச் சட்டம் எழுப்புவதாகக் கொள்கிறது.

இவ்விதிகள் வெறும் கெடுபிடி என்போர் வரிசை வீட்டின் அமைப்பை நோக்கவேண்டும். இருபுறமும் பொதுச்சுவர், வெளிச்சம் வர முன்பக்கமும் பின்பக்கமுமே வழி. சீரான கட்டட விதிகள் (1984), வாழறை ஒன்றின் சன்னல் பரப்பு அதன் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்றும், அதில் பாதியளவேனும் காற்றுப் புகத் திறந்திருக்கவேண்டும் என்றும் கூறுகின்றன. முதல் வாழறைக்கு 11 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 9.3, ஏனையவற்றுக்கு 6.5 எனக் குறைந்த அளவும் உண்டு. இனி, அடுக்களையைப் பின்எல்லைவரை நீட்டிவிட்டால் என்ன நேரும்? பழைய அடுக்களையின் சன்னல் புதிய அடுக்களைக்குள் திறக்கும். நடுவில் சிக்கிய அறை இருளும். பெரும்பாலும் படியேற இயலாத முதியவரின் கட்டில் அங்கேதான் போடப்படுகிறது. பின்வாயிலை அடைத்துவிட்டால், தீப்பற்றும் நேரத்தில் அவர் வெளியேறும் வழியும் சுருங்கும். 1881இன் கவலை இன்னும் தீரவில்லை.

மனையடி சாத்திரம் பார்த்து அறையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் தேர்பவர்கள் நம்மிடையே பலர். அளவுக்கு அடங்கிய வீடு என்பது நமக்குப் புதிய கருத்தன்று, அளப்பவர்தாம் மாறியிருக்கிறார்.

இடர் வேறிடத்தில் உள்ளது. 1976ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம் வேண்டுவது திட்டமிடல் அனுமதி. நிலத்தில் என்ன வரலாம் என்பது அதன் கேள்வி. மேற்சொன்ன 70ஆம் பிரிவு வேண்டுவது கட்டட வரைபட ஒப்புதல். அது எவ்வாறு நிற்கும் என்பது இதன் கேள்வி. தரையோடு மாற்றுவது போன்ற சிறு பணிகளுக்கு உரியது எளிய பெர்மிட். மலாய்மொழிப் படிவங்கள் இவற்றை வேறுபடுத்துகின்றன. நம் வீடுகளிலோ மூன்றுக்கும் ஒரே தொடர்தான்: 'பிளான் பாஸ் ஆயிற்று.' குத்தகையாளர் அவ்வாறு கூறினால், எது பாஸாயிற்று என்று கேட்கத் தனிச்சொல் இல்லை. சிறு பணிக்குரிய பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடி எழுப்பியவரை, இடிப்பதற்கு வழிசெய்யும் 72ஆம் பிரிவு அவர் அறியாமையைக் கருதி விட்டுவிடாது. வீட்டை விற்கும் நாளிலும் வரைபடத்தில் இல்லாத அறை வினாவுக்கு உள்ளாகும்.

ஆகவே 'அனுமதி', 'ஒப்புதல்', 'இசைவு' என்னும் மூன்றையும் ஒருபொருட் கிளவிகளாகக் கையாளும் நம் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பறையிலேனும் மாற்றலாம். திட்டமிடலுக்கு அனுமதியும் வரைபடத்துக்கு ஒப்புதலும் அமையட்டும். இசைவு என்னும் சொல்லை, பொதுச்சுவரின் மறுபுறம் வாழும் அண்டை வீட்டாரின் சம்மதத்துக்கு ஒதுக்கலாம். அவரிடம் அதைக் கேட்டுப் பெற எந்த மொழியின் படிவத்துக்கும் முன்னதாக ஒருமுறை அவர் வாயிலுக்குச் செல்லவேண்டும்.