குடிவழி: கல்முனைக் கரையில் 19ஆம் நூற்றாண்டு வணிகரின் குடும்ப வரலாறு

அம்பாறை மாவட்டக் கடலோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் முஸ்லிம் ஊர்களில் வம்சம் தாய்வழியாகவே எண்ணப்பட்டு வந்துள்ளது. பிள்ளை உம்மாவின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. அயலிலுள்ள தமிழரிடமும் இந்த வழக்கம் உண்டு. ஆகவே இக்கரையில் வாழ்ந்த பழைய வணிகர் ஒருவரை வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று மட்டும் பின்தொடர்ந்து எழுதினால் அது பாதி வரலாறே.

அந்த வணிகர் பெரும்பாலும் கடையில் உட்கார்ந்திருந்தவர் அல்லர். உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றைத் தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசையில் ஏற்றி ஊவா மலைநாட்டுக்குக் கொண்டுபோய், பாக்கும் தேனும் மெழுகும் வாங்கி வந்தவர். மட்டக்களப்புக்குச் சரக்கு வாவி வழியே வள்ளத்தில் போனது. கல்முனைக்கு மேற்கே வாவிக்கரையில் இன்றும் கிட்டங்கி என்றோர் இடம் இருக்கிறது. அச்சொல்லுக்குப் பண்டகசாலை என்று பொருள். கையில் காசு சேர்ந்தபின் பலர் வயற்காணி வாங்கிப் போடியார் எனப்படும் நிலக்கிழார் ஆனார்கள். அதனால் வணிகர் என்று தேடப்படுபவர் ஏட்டில் போடியாராகவோ லெப்பையாகவோ மரைக்காராகவோ நிற்பார்.

வீட்டைக் கொண்டு அவரைத் தேடுவோர் வழிதவறுவது இங்கேதான். திருமணத்தின்பின் ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். அவன் பிறந்த வளவு சகோதரிகளுக்குச் சீதனமாகிறது. வணிகர் வாழ்ந்து இறந்த வீடு அவர் மனைவியின் குடியாருடையது. அவருடைய சொந்தக் குடியோ சகோதரிகளின் மக்கள் வழியே தொடர்கிறது. சொந்தப் பிள்ளைகள் வேறு குடியார். 1806ஆம் ஆண்டு முஸ்லிம் சட்டத் தொகுப்பு மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்றது. ஆயினும் பெற்றோர் வாழும்போதே சீதன உறுதி எழுதி வீட்டை மகளுக்குக் கொடுத்ததால் தாய்வழி வளவு கலையாமல் நின்றது. இந்தச் சீதன உறுதிகளே தேடுவோர்க்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று என்பேன். கொடுத்தவர், பெற்றவள், முதுசம் வந்த வழி, நான்கு எல்லையிலும் இருந்த அயலார் பெயர், வயலானால் எத்தனை அவணம் (நெல் அளவு) விதைப்பு என்பது வரை ஓர் உறுதியிலேயே கிடைக்கக்கூடும்.

அரச ஏடுகளில் தேடும்போது முதலில் மறக்கக்கூடாதது, அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது என்பது. அதற்கு முந்திய ஆவணங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று ஆகிய பிரிவுகளின் பெயரில் இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடும், முஸ்லிம் திருமணப் பதிவு 1886ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தோடும் வலுப்பெற்றன. நெல்வரி 1892இல் ஒழியும்வரை வயலுடையோர் பெயர் வரி ஏட்டிலும் ஏறியது. எஸ். ஓ. கனகரத்தினத்தின் 1921ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்ட நூல் ஊர்களின் பின்னணியைத் தரும். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல் குடிமுறையை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

பெயர்தான் பெரிய இடர். மூத்தவாப்பாவின் பெயரே பேரனுக்கும் வரும். ஒரே ஊரில், ஒரே காலத்தில் பல மீராலெப்பைகள் இருப்பார்கள். ஆங்கில எழுத்தர் ஒரே ஆளை மூன்று விதமாக எழுதியிருப்பார். அப்போது குடிப்பெயரும் பட்டப்பெயருமே ஆளைப் பிரித்துக் காட்டும். ஆனால் குடிப்பெயரிலிருந்து தொழிலை ஊகிப்பது பிழை. ஓடாவி என்றால் மரக்கலத் தச்சர். ஓடாவி குடியில் பிறந்தவரெல்லாம் தச்சர் அல்லர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்கார் (நம்பிக்கையாளர்) இருந்த ஊர்களில் மரைக்கார்மாரின் வரிசையைக் கேட்டறிவதும் பயன் தரும். மையவாடியில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. பழைய மீஸான் கட்டைகள் எனப்படும் கல்லறை அடையாளங்கள் பலவற்றில் எழுத்தே கிடையாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கரையோர வீடுகளோடு பெட்டகங்களும் அவற்றிலிருந்த உறுதிகளும் காவின் எனப்படும் திருமணப் பதிவுத் தாள்களும் கடலோடு போயின. எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி முதியவர்களின் நினைவில் உள்ளது. வீட்டில் மூத்தம்மா இருந்தால், காணிக் கந்தோருக்குப் போகுமுன் அவரிடம் உட்கார்ந்து, அவருடைய உம்மாவின் பெயரையும் குடியையும் பிறந்த வளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.