மலிவு விலை கேமிங் கணினி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

புதுதில்லி: 'ஐ5 செயலி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்ற வாசகத்துடன் குறைந்த விலை கேமிங் கணினிகள் இணையதளங்களிலும் சந்தைகளிலும் விற்கப்படுகின்றன. அந்தப் பாகங்கள் எந்த ஆண்டில் வெளியானவை என்பதை இவ்வாசகம் தெரிவிப்பதில்லை. குடும்பச் சேமிப்பைக் கொண்டு முதன்முறையாகக் கணினி வாங்குவோர், ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணையும் கேட்டறிவது அவசியம்.

பெயர் ஒன்று, தலைமுறை வேறு

இன்டெல் நிறுவனம் ஐ5 என்ற பெயரில் 2009-ஆம் ஆண்டு முதல் செயலிகளை வெளியிட்டது. 2012-இல் வந்த ஐ5-3470 செயலியில் நான்கு கோர்களும் நான்கு திரெட்களும் உள்ளன. 2022-இல் அறிமுகமான ஐ3-12100எஃப் செயலியிலும் நான்கு கோர்களே இருப்பினும், எட்டு திரெட்களுடன் அது வெகு வேகமாக இயங்கக்கூடியது. மேலும், இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலே விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்துவிட்டது.

கிராபிக்ஸ் கார்டுகளிலும் இதே நிலைதான். 2014-இல் வெளியான ஜிடி 730 கார்டு, 4 ஜிபி நினைவகத்துடன் இன்றும் விற்கப்படுகிறது. அதன் சிப் திறன் குறைந்தது என்பதால், நினைவகம் அதிகமாக இருந்தாலும் புதிய விளையாட்டுகளுக்குப் பயன்படாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரு வகைகள் உள்ளன. 2024-இல் வந்த 6 ஜிபி வகையில் கோர்களின் எண்ணிக்கையும் குறைவு.

எதற்கு எவ்வளவு செலவிடுவது?

1080பி திரையில் விளையாடுவோர், மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கலாம். வண்ண விளக்குகளும் கண்ணாடிப் பெட்டியும் வேகத்தைக் கூட்டுவதில்லை.

கார்டு வாங்கப் பணம் போதாதவர்கள், உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற செயலியுடன் தொடங்கலாம். வேலோரன்ட் போன்ற எளிய விளையாட்டுகளைக் குறைந்த காட்சித் தரத்தில் இதில் விளையாட முடியும். கார்டைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளமைந்த கிராபிக்ஸ், ரேமையே தனது நினைவகமாகப் பயன்படுத்துவதால், 16 ஜிபி கொண்ட ஒரே ரேமை விட 8 ஜிபி கொண்ட இரு ரேம்களே நல்ல பலன் தரும். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இன்றித் திரையில் எதுவும் தெரியாது.

ஏஎம்டி செயலிகளுக்கான ஏஎம்4 மதர்போர்டுகளில் டிடிஆர்4 ரேம் பொருந்தும்; 2022-இல் வந்த ஏஎம்5 மதர்போர்டுகளுக்கு டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். முன்னது சிக்கனமானது, பின்னது எதிர்காலத்தில் புதிய செயலிகளுக்கு மாற இடமளிப்பது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. எனவே, வாங்கும் நாளின் விலையை ஒப்பிட்ட பின்னரே முடிவெடுப்பது நல்லது.

சிக்கனம் கூடாத இடம்

மின்சாரத்தைப் பாகங்களுக்குப் பிரித்தளிக்கும் எஸ்எம்பிஎஸ் பழுதானால், மற்ற பாகங்களும் சேதமடையக்கூடும். கணினிப் பெட்டியுடன் இலவசமாகத் தரப்படும் பெயரற்ற எஸ்எம்பிஎஸ்-ஐத் தவிர்க்க வேண்டும். நடுத்தரக் கார்டு கொண்ட கணினிக்கு, நம்பகமான நிறுவனத்தின் 500 முதல் 550 வாட் திறன் கொண்டது பொதுவாகப் போதுமானது. '80 பிளஸ்' முத்திரை மின்சிக்கனத்தின் அளவுகோலே தவிர, பாதுகாப்புக்கான உறுதியன்று. மின்னழுத்தம் அடிக்கடி மாறும் பகுதிகளில் யுபிஎஸ் அவசியம்.

பழைய கார்டும் பில்லும்

எத்தீரியம் மெய்நிகர் நாணயம் 2022 செப்டம்பரில் தனது செயல்முறையை மாற்றியதும், நாணயச் சுரங்கப் பணியில் இரவு பகலாக இயங்கிய கார்டுகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. பழைய கார்டு வாங்குவோர், விற்பவரின் கண்முன் அரைமணி நேரமாவது விளையாட்டை இயக்கி, வெப்பநிலையையும் மின்விசிறியின் சத்தத்தையும் சோதித்த பின்னரே பணம் தர வேண்டும்.

கணினிப் பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு என எந்தச் சந்தையில் வாங்கினாலும், பில் இன்றிக் கிடைக்கும் தள்ளுபடி பின்னாளில் உத்தரவாதம் கோரும்போது இழப்பாக மாறலாம். ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் பில்லில் இடம்பெற்றுள்ளதைச் சரிபார்த்து, கடையிலேயே கணினியை இயக்கிப் பார்த்த பின் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பானது.