ஹோலோகாஸ்ட்

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதைக் குறிக்கும் சொல். கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுவதும், ‘கௌஸ்தோஸ்’ என்றால் எரிந்தது. பலிபீடத்தில் மிச்சமில்லாமல் எரிக்கப்படும் பலிக்கு இட்ட பெயர். தமிழ் வேதாகமத்தின் ‘சர்வாங்க தகனபலி’ இதுவேதான். மும்பை தாராவியில் தமிழ் ஆராதனைக்குப் போகிறவர்கள் காதில் இந்தச் சொல் விழுந்திருக்கும்.

சிக்கலும் அங்கேதான். பலி என்பது கடவுளுக்குப் படைப்பது. நாஜிகளின் நச்சுவாயுக் கூடங்களில் நடந்த கொலை யாருக்குப் படைத்தது? அதனால் யூதர்கள் பலர் ‘ஷோவா’ என்ற எபிரேயச் சொல்லையே விரும்புகிறார்கள். பேரழிவு என்று பொருள்.

மும்பைக்கும் இந்தச் சொல் குறிக்கும் வரலாற்றுக்கும் தொடர்புண்டு. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு உதவ 1934-ல் இங்கே யூதர் நிவாரணச் சங்கம் தொடங்கப்பட்டது. அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவராக அறியப்படும் யூத இசையமைப்பாளர் வால்டர் காஃப்மன் பம்பாய் வந்ததும் அதே ஆண்டுதான். 1939-ல் போர் மூண்டதும், ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர்கள் சிலரையே ‘எதிரி நாட்டார்’ என்று ஆங்கில அரசு முகாமில் அடைத்தது. என்ன சொல்ல!

ஹோலோகாஸ்டை ஆய்வுக்கு எடுக்கும் மாட்டுங்கா, செம்பூர் மாணவர்கள் தமிழில் ‘யூதர் இனப்படுகொலை’ என்றே எழுதலாம். ‘பலி’ வேண்டாம்.