கம்பியில் எழுந்த எல்ம் மரங்கள்

புகையிரதத்தைச் சிற்றுருவாக அமைத்து மகிழ்வோர் பல நாடுகளிலும் உளர். ஆயினும், தண்டவாளத்தின் அருகே நிற்கும் மரத்தின்பால் அவர்கள் கருத்தைச் செலுத்தியது பிற்காலத்திலேயாம். இயந்திரத்தின் ஆணிகளைக்கூட எண்ணிப் பார்த்து அமைத்தவர்கள், சாயமிட்ட பாசிக்கொத்து ஒன்றை மரமென நட்டு மனநிறைவு கொண்டனர்.

இந்நிலையை மாற்றியோருள் ஜோன் ஏஹேர்ன் என்னும் ஆங்கிலேயர் ஒருவர். அவர் கற்பனையில் எழுந்த 'மடர் வலி' பாதையில் வீடுகளும் வயல்களும் வண்டிகளுக்கு ஒப்பான இடத்தைப் பெற்றன. மற்றவர், 1925இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த றோய் இங்கிலண்ட். கிராமங்களின் பழைய கூரைவேய்ந்த வீடுகள் உருமாறி வருவதைக் கண்டு வருந்திய அவர், அவற்றைச் சிற்றுருவிலாவது காத்துவைக்கத் துணிந்தார். 1954இல் லோங் விற்றனம் என்னும் ஊரில் அவர் நிறுவியதே பென்டன் நூதனசாலை. அங்கே 1920களிலும் 1930களிலும் இருந்த வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கு உருப்பெற்றது.

அங்கு 4 மில்லிமீற்றர் ஓர் அடியைக் குறிக்கும். ஆகவே, 100 அடி எல்ம் மரம் 40 சதமமீற்றர் உயரம் நிற்றல் வேண்டும். வண்டி சிறிதாகத் தோன்றுமென அஞ்சிப் பலர் மரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவர். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

இத்தகைய மரத்தைச் செய்யும் முறை எளிது; வேண்டுவது பொறுமையே. மெல்லிய கம்பிகளைக் கற்றையாகச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். கற்றையைப் பிரித்துப் பிரித்து முறுக்கக் கிளைகளும் கொம்பர்களும் எழும். நுனிவரை செல்லும் ஒவ்வொரு கம்பியும் அடியிலிருந்தே புறப்படுவதால், அடி பருத்து நுனி சிறுத்தல் தானே அமைந்துவிடுகிறது. பின்னர் பசை கலந்த சாந்தைப் பூசிப் பட்டை அமைப்பர். சிறுவர் சித்திரம்போல் அதற்குக் கபிலநிறம் தீட்டுவோரைக் கண்டு நான் சிரித்ததுண்டு. உண்மை மரத்தைச் சற்றே உற்றுநோக்கின், பெரும்பாலும் சாம்பல் நிறமே தோன்றும். இலையையும் அடர்த்தியாக ஒட்டலாகாது. இடையிடையே வானம் தெரிதல் வேண்டும்.

இவ்வுழைப்பின் பெறுமதி பின்னரே புலனாயிற்று. 1960களின் பிற்பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்த மரக்குற்றிகளோடு கொடிய பங்கசு நோயொன்று பிரித்தானியாவை அடைந்தது. பட்டையைத் துளைக்கும் வண்டுகள் அதனைப் பரப்பின. 2 கோடி 50 இலட்சத்துக்கு மேற்பட்ட எல்ம் மரங்கள் மாண்டன. அப்பள்ளத்தாக்கின் அடையாளமாயிருந்த நெடுமரங்களும் மறைந்தன.

இன்று அச்சிற்றுருவைச் செய்ய முனையும் இளைஞர், வயலோரம் சென்று பார்த்துவர இயலாது; பழைய நிழற்படங்களையே நாடுகின்றனர். வேலியோரங்களில் பழைய வேர்களிலிருந்து எல்ம் இன்றும் தளிர்க்கின்றது. ஆனால், பட்டை சற்றுத் தடித்தவுடன் வண்டுகள் மீண்டும் வந்துசேர்கின்றன.