சுரங்கத்து வெந்நீர்

நிலக்கரி வெட்டுபவனுக்கு நீர் என்றுமே பகை. யப்பானின் புக்குஷிமா மாகாணத்து இவாக்கிப் பகுதியிலோ அப்பகை கொதித்துக்கொண்டே வந்தது. ஜோபான் சுரங்கங்களில் பாறையைப் பிளந்தால் ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள ஊற்றுநீர் பீறிடும். ஒரு தொன் கரிக்கு 40 தொன் வெந்நீரை இறைத்துக் கொட்ட வேண்டியிருந்ததெனக் கணக்கிட்டுள்ளனர். அவ்வனற்குகையில் தொழிலாளர் சிந்திய வியர்வையை எவரும் கணக்கிட்டாரில்லை. சுரங்கம் இவ்வாறு நீரை உறிஞ்சியமையால், பழம்பெருமை வாய்ந்த யுமொட்டோ வெந்நீரூற்றுக்கள் 1919 இல் நிலமட்டத்தில் வற்றிப்போயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான எண்ணெய் வந்தது, கரி மதிப்பிழந்தது. 1960 இல் மீக்கே சுரங்கத் தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்து நடத்திய மாபெரும் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்ததை நாம் அறிவோம். ஜோபான் கம்பனியின் உதவித் தலைவர் நக்கமுரா யுத்தாக்கா வேறு வழி தேடினார். வீணே கொட்டப்படும் வெந்நீரைக் கொண்டு, பனி பெய்யும் நாட்டில் ஒரு செயற்கை ஹவாயைப் படைக்கலாமே! யப்பானியர் உல்லாசமாக வெளிநாடு செல்வதற்கிருந்த தடை 1964 இல்தான் நீங்கியது. சாதாரண மக்களுக்கு உண்மை ஹவாய் எட்டாக்கனியே. 1966 சனவரியில் 'ஜோபான் ஹவாயன் சென்ரர்' திறக்கப்பட்டது. மாபெரும் கூரையின் கீழ் நீச்சற்குளம், வெப்பநாட்டு மரங்கள், ஹூலா நடனம். முதலாண்டிலேயே 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து குவிந்தனர்.

ஆடியவர் யார்? நடனக்காரிகளைத் தலைநகரிலிருந்து கம்பனி தருவிக்கவில்லை. 1965 இல் தானே ஒரு நடனப் பள்ளியை நிறுவி, சுரங்கத் தொழிலாளரின் புதல்வியரையே பெரிதும் பயிற்றுவித்தது. உடல் தெரிய ஆடுவதா என்று ஊர் முகஞ்சுளித்தது. தந்தையர் உழைப்பு விலைபோகாத நாளில் புதல்வியர் அரங்கேறினர்.

'ஒரே மலை, ஒரே குடும்பம்' என்பது அச்சுரங்கத்தின் பழைய சுலோகம். முதலாளி குடும்பம் பேசும்போது நாம் சற்று எச்சரிக்கையாகவே இருப்போம். எனினும் இங்கே அது முற்றிலும் பொய்யுமன்று; சுரங்கத்தை விட்டவர் சிலருக்குப் புதிய நிலையத்தில் வேலை கிடைத்தது. சிலருக்குத்தான்! 1971 இல் பிரதான சுரங்கம் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். அத்தனை பேரையும் எந்த நீச்சற்குளம் தாங்கும்? 1976 இல் கரி வெட்டுதல் அடியோடு நின்றது. நடனப் பெண்களைப் பற்றி 2006 இல் வெளிவந்த 'ஹூலா கேர்ள்ஸ்' திரைப்படம் பலரைக் கண்கலங்க வைத்தது. வேலை தேடி ஊரைவிட்டுப் போன தந்தையருக்கும் அவ்வாறொரு படம் வேண்டும்.

1990 இல் நிலையத்தின் பெயர் 'ஸ்பா றிசோர்ட் ஹவாயன்ஸ்' என மாறிற்று. 2011 மார்ச்சுப் பூகம்பமும் ஏப்பிரலில் இவாக்கியையே உலுக்கிய அடுத்த அதிர்ச்சியும் கட்டிடங்களைச் சிதைத்தன. அணு உலை விபத்தால் புக்குஷிமா என்ற பெயரைக் கேட்டாலே மக்கள் அஞ்சிய அந்நாட்களில், அரங்கிழந்த நடனப் பெண்கள் நாடெங்கும் சென்று ஆடினர். 2012 பெப்ரவரியில் நிலையம் முழுமையாக மீண்டும் திறந்தது. தொழிலாளரின் சுரங்கத்திலிருந்து பிறந்த அந்நிறுவனத்தை 2024 இல் அமெரிக்க முதலீட்டுக் குழுமமான ஃபோர்ட்ரஸ் விலைக்கு வாங்கிக்கொண்டது.