கைரேகைச் சட்டம்: ஒரு பதிவேட்டின் வரலாறு

பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் 36 ஆண்டுகள் நடப்பில் இருந்தது. அரசு அதைக் குற்றப் பரம்பரையினர் சட்டம் என்றது. மதுரைச் சீமை மக்கள் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு பகுதி மக்களின் உரிமையைப் பறிக்கும் சட்டம் அவர்களோடு நின்றுவிடுவதில்லை. தொழில், கல்வி, சிறை என அரசு தொடும் இடமெல்லாம் படிந்து, ரத்தான பிறகும் தங்கிவிடுகிறது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

சட்டம் வந்த வழி

1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட இச்சட்டம், 1911இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தை முழுதாகக் குற்றப் பரம்பரையாக்க அரசின் அறிவிப்பு ஒன்றே போதும். அது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பதிவேட்டில் பெயர் ஏறியவர் கைரேகை பதிக்க வேண்டும், குறித்த வேளையில் ஆஜராக வேண்டும், இருப்பிடம் மாறினால் சொல்லியாக வேண்டும்.

இதன் வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்ற குறவர்களின் வணிகத்தை ரயில் பாதையும் அரசின் உப்புக் கொள்கையும் எப்படி முறித்தன என்பதை மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு விரிவாகக் காட்டுகிறது. பிழைப்பைப் பறிகொடுத்தவர்களின் நடமாட்டமே பிறகு சந்தேகத்துக்கு உரியதாயிற்று. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்களின் பழைய ஊர்க்காவல் உரிமையையும் புதிய போலீஸ் நிர்வாகம் ஏற்கவில்லை.

பரவிய விளைவுகள்

அன்றைய குண்டூர் மாவட்டத்தின் ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் பொறுப்பில் குடியிருப்பு அமைந்தது. அங்கே அடைக்கப்பட்டவர்கள் சீராலா புகையிலை ஆலைக்குக் கூலிகளானார்கள். திருத்துவதாகச் சொன்ன சட்டம், விலகிப் போக முடியாத தொழிலாளரை ஆலைக்குத் தந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது.

மதுரைச் சீமையில், உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரின் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். மதுரை மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்றழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் கள்ளர்களுக்காக வாதாடினார். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு கள்ளர் சீரமைப்புத் திட்டம் வளர்ந்து, பள்ளிகள் பெருகின. அப்பள்ளிகள் தலைமுறைகளைக் கரையேற்றியது உண்மை. ஆனால் பகலில் பிள்ளை பள்ளிப் பதிவேட்டில் இருக்க, இரவில் தகப்பன் போலீஸ் பதிவேட்டில் இருந்தான்.

ரத்தும் மிச்சமும்

முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோரின் போராட்டத்தால் 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதிலும் சட்டம் நீங்கியது. நாடு தழுவிய ரத்துக்கு முன்பே, 1948இல், வழக்கக் குற்றவாளிகள் சட்டத்தைச் சென்னை இயற்றிவிட்டது. சமூகத்தின் இடத்தில் தனிநபர் வந்தார். கண்காணிக்கும் பழக்கம் அப்படியே நின்றது. சில மாநிலங்களின் சிறை விதிகளிலும், குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சீர்மரபினர் மீதான பழைய சந்தேகம் எழுத்தில் இருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சாதி வழிப்பட்ட சிறை விதிகளைச் செல்லாதவையாக்கி, கைதிகள் பதிவேட்டில் சாதிக்கான பத்தியையே நீக்கச் சொன்னது.

நாடு தழுவிய ரத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 72 ஆண்டுகள். பறித்த உரிமையைத் திருப்பித் தரச் சட்டத்தை அழித்தால் மட்டும் போதாது; அது எழுதிவைத்த ஒவ்வொரு பதிவேட்டையும் தேடித் திருத்த வேண்டும்.