உயிர்வாயுக் குழாயோடு வீடு திரும்பும் குழந்தை: நீங்கள் என்ன செய்யலாம்?

ஈசூனில் ஒரு வீவக வீடு. 26 வாரத்திலேயே பிறந்துவிட்ட உங்கள் அக்காவின் குழந்தை, பல மாதங்களுக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து வருகிறது.

மூக்கில் மெல்லிய குழாய். சோபா பக்கத்தில் 'உஸ்... உஸ்...' என்று ஓடும் இயந்திரம்.

பாட்டிக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. "குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டணும்"னு அடுப்பில் கரியைப் பற்றவைக்கப் போகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படியொரு குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்தால், பாட்டியிடம் பேச வேண்டியவர் நீங்களாகவும் இருக்கலாம். ஏன் வேண்டாம் என்று விளக்க உங்களுக்குத் தெரியுமா?

என்ன நோய் இது?

குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய் இது. மருத்துவர்கள் 'பிபிடி' என்பார்கள். முழுப்பெயர் பிராங்கோபல்மனரி டிஸ்பிளாசியா.

கருவில் 24 வாரம் ஆகும்போதுதான் நுரையீரலில் 'சர்ஃபாக்டன்ட்' எனும் வழவழப்பான பொருள் சுரக்கத் தொடங்குகிறது. மூச்சு விடும்போது காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் உதவுகிறது.

சீக்கிரம் பிறக்கும் குழந்தையிடம் அது போதுமான அளவு இருக்காது. காற்றுப்பைகளும் முழுசா உருவாகியிருக்காது.

1963ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் சுமார் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தார். மூச்சுத் திணறலால் 2 நாள்கூட உயிர் வாழவில்லை. அப்போது அதற்குச் சரியான சிகிச்சையே இல்லை.

பிறகு செயற்கைச் சுவாசக் கருவிகள் வந்தன. குழந்தைகள் பிழைத்தனர். ஆனால் கருவியின் அழுத்தமும் அதிக உயிர்வாயுவும் பிஞ்சு நுரையீரலைப் புண்படுத்தின. அந்தப் பாதிப்பை 1967இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் நார்த்வேயும் அவரது குழுவினரும் முதன்முதலில் விவரித்தனர். பிபிடி என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

இன்று சிகிச்சை மென்மையாகிவிட்டது. ஆனால் இன்னும் சின்னக் குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிறது. அதனால் நோய் மறையவில்லை.

சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஜூன் மாதம் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை வெறும் 212 கிராம். ஓர் ஆப்பிள் அளவு! 13 மாதம் கழித்துத்தான் வீடு திரும்பியது. நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்ததால் வீட்டிலும் மூச்சுவிட அதற்கு உதவி தேவைப்பட்டது.

குணமாகாமல் ஏன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்?

இந்த நோய்க்கான மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: வளர்ச்சி.

பிறந்த பிறகும் சில ஆண்டுகளுக்குப் புதிய காற்றுப்பைகள் உருவாகிக்கொண்டே இருக்கும். குழந்தை வளர வளர நுரையீரலும் வளரும். பெரும்பாலான குழந்தைகள் முதல் ஈராண்டுக்குள் உயிர்வாயு உதவியிலிருந்து விடுபடுகின்றனர்.

அதுவரை வீட்டில் இருப்பவர்களின் வேலை என்ன? புதிய காயம் படாமல் அந்த நுரையீரலைக் காப்பது. புகை, கிருமி, உயிர்வாயுக் குறைவு மூன்றும்தான் எதிரிகள்.

இயந்திரம் என்ன செய்கிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 விழுக்காடுதான் உயிர்வாயு. செறிவூட்டி இயந்திரம் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, 90 விழுக்காட்டுக்கும் மேல் உயிர்வாயு உள்ள காற்றைக் குழாய் வழியாகத் தரும். அது மின்சாரத்தில் ஓடுவதால், மின்தடை வந்தால் சமாளிக்க சிலிண்டரும் தயாராக இருக்கணும்.

குழந்தையின் பாதத்தில் சிவப்பு விளக்கு எரியும் கருவியைப் பார்க்கலாம். இரத்தத்தில் உயிர்வாயு எவ்வளவு என்று அது காட்டும். பொதுவாக 92, 93 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் குழந்தைக்கான எண்ணை மருத்துவரே சொல்வார்.

முக்கியமான விஷயம்: "கொஞ்சம் கூட்டி வச்சா நல்லதுதானே"ன்னு நினைத்து அளவை நீங்களாக மாற்றாதீர்கள். அதிகமானாலும் கெடுதல்தான்.

சாம்பிராணி ஏன் கூடாது?

இரண்டு காரணங்கள்.

ஒன்று, புகை. அது நேராக மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஊதுபத்தி, கற்பூரம், கொசுவத்தி எல்லாமே அப்படித்தான்.

இரண்டு, தீ. உயிர்வாயு தானாக எரியாது. ஆனால் மற்றவற்றை வேகமாக எரியவைக்கும். குழந்தையின் துணியிலும் போர்வையிலும் அது தங்கியிருக்கும். ஒரு பொறி போதும்.

அதனால்:

- சாமி விளக்கு, அடுப்பு எதுவாக இருந்தாலும் குழந்தையும் இயந்திரமும் சில மீட்டர் தள்ளியே இருக்கணும். சாமி மேடையில் மின்விளக்கு வைத்துக்கொள்ளலாம்.
- கைச்சுத்திகரிப்பான் போட்டால், கை நன்கு காய்ந்த பிறகே குழந்தையைத் தொடுங்கள்.
- மூக்கின் அருகே வாஸ்லின், தைலம், எண்ணெய் எதுவும் வேண்டாம்.
- வீட்டில் யாரும் புகைக்கக்கூடாது. வெளியே புகைத்துவிட்டு வந்தாலும் சட்டையில் மிச்சம் இருக்கும். மின்சிகரெட்டும் விதிவிலக்கல்ல. அதைப் பயன்படுத்துவது 2018இலிருந்து இங்கு சட்டப்படி குற்றம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. குளிப்பாட்டும்போது சளி எடுக்க மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம். நல்ல நுரையீரல் உள்ள குழந்தைக்கே அது ஆபத்து.

துணித் தொட்டிலில் போடலாமா? கழுத்து மடங்கி மூச்சுப்பாதை சுருங்கலாம், குழாய் சிக்கிக்கொள்ளலாம். மல்லாக்க, தட்டையான மெத்தையில் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

ஜன்னலுக்கு வெளியே இருக்கும் புகை?

2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் 3 மணிநேர பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது. அந்த அளவு புகைமூட்டம் அடிக்கடி வராது. ஆனால் குறியீடு 100ஐத் தாண்டினாலே ஆரோக்கியமற்ற நிலைதான். அப்போது ஜன்னலை மூடி, காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிடுங்கள். என்95 முகக்கவசம் கைக்குழந்தைக்குப் பொருந்தாது.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் புளோக்கின் கீழே காகிதம் எரிக்கப்படும். சண்டை வேண்டாம். புகை வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, குழந்தையை மறுபக்க அறைக்குக் கொண்டுபோங்கள்.

"சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போறோம்"

சொந்தக்காரர்கள் ஆசையாகத்தான் வருவார்கள். ஆனால் உங்களுக்கு வெறும் சளியாக இருக்கும் ஆர்எஸ்வி கிருமி, இந்தக் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பலாம். சிங்கப்பூரில் அது ஆண்டு முழுவதும் பரவுகிறது.

- சளி, இருமல் இருந்தால் வர வேண்டாம். நீங்களும் அந்த அறைக்குள் போகாதீர்கள்.
- யாராக இருந்தாலும் முதலில் கைகழுவணும். முத்தம் வேண்டாம்.
- வீட்டில் எல்லாரும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. குழந்தையின் தடுப்பூசிகள் பிறந்த நாள் கணக்கில்தான் போடப்படும். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. "ஆறு மாசமாச்சு, இன்னும் குப்புற விழலையா?"ன்னு யாராவது கேட்பார்கள். 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வளர்ச்சியைத் திருத்திய வயதில் பார்க்கணும். ஆறு மாதம் என்றால் உண்மையில் சுமார் மூன்று மாதம்தான். அம்மா பதில் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

எப்போது 995?

- உதடு, நாக்கு நீலமாவது
- மூச்சு இடையில் நிற்பது
- ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுப்பது
- எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டிருப்பது
- குழாய் சரியாக இருந்தும் உயிர்வாயு அளவு குறைந்துகொண்டே போவது

இவற்றில் எது நடந்தாலும் காத்திருக்க வேண்டாம். பால் குடிப்பது குறைந்தாலோ ஈர நாப்கின் குறைந்தாலோ அன்றே மருத்துவக் குழுவை அழையுங்கள். எண்களைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் பெரிதாக ஒட்டி வையுங்கள்.

பெற்றோரை யார் பார்ப்பது?

இரவில் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும். பல நேரம் குழந்தை காலை ஆட்டியதால்தான் அடித்திருக்கும். ஆனாலும் எழுந்து பார்க்கணும். தூக்கம் போய்விடும்.

கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு அடிக்கடி போகணும் என்றால் ஈசூனிலிருந்து ரயிலில் நியூட்டன், அங்கே மாறி அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. குழந்தை, பை, சிலிண்டர் எல்லாவற்றையும் ஒருவரே தூக்க முடியாது. கூடப் போங்கள்.

செலவு கவலையா? குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு. குடிமக்களுக்கு அதற்கும் மேல் உதவி தேவைப்பட்டால் மெடிஃபண்ட் ஜூனியர் இருக்கிறது. மருத்துவமனையின் சமூக சேவையாளரிடம் கேளுங்கள். நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு 1992இலிருந்து உதவிவரும் கிளப் ரெயின்போ அமைப்பும் உண்டு.

எல்லாக் குழந்தைக்கும் பாதை ஒரே மாதிரி இருக்காது. முதல் ஈராண்டில் மறுபடியும் மருத்துவமனையில் சேர்ப்பது சகஜம். சிலருக்கு இதயத்திலும் சிக்கல் வரும். சிலரை இழக்கவும் நேரிடும். அது பெற்றோர் ஏதோ தவறு செய்ததால் என்று அர்த்தமில்லை. அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும்.

சரி, பாட்டிக்கு என்ன சொல்வது?

"பாட்டி, இதோட நுரையீரல் இன்னும் வயித்துக்குள்ள இருக்க வேண்டிய பிள்ளையோடது மாதிரி. புகை பட்டா தாங்காது. சாம்பிராணி வேணாம், தலையை நீங்க துண்டால துவட்டி விடுங்க, பாட்டுப் பாடுங்க."

பாட்டிக்கும் குழந்தைக்கு ஏதாவது செய்யணும் என்றுதான் ஆசை. செய்யக்கூடிய வேலை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள்.